காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனையை வளர்க்குதா, கரைக்குதா?

கெடிலக்கரை:
2012 ஜனவரியில் தொடங்கின முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் லாபம் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான். மூட்டு மாற்று, ஸ்டென்ட் மாதிரி எத்தனை நாள் படுக்கைன்னு முன்னாடியே தெரியற கேஸ் அங்கே போகுது. இழுத்தடிக்கிற கேஸெல்லாம் கடலூர் ஜி.எச்.சுக்கு (அரசு ஆஸ்பத்திரிக்கு). அரசு பணத்தை வாசல் வழியா வெளியே அனுப்புது.

மஞ்சக்குப்பம்:
பாதிதான் சரி சார். ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுன்னு காப்பீட்டுல கட்டி வெச்ச தொகைதான் பேக்கேஜ்; அதே பேக்கேஜை ஜி.எச்.சும் கிளெய்ம் பண்ணலாம். தனியார் அந்தத் தொகைக்குள்ளேயே சம்பளம், மருந்து, வாடகை எல்லாம் பார்க்கணும். ஜி.எச்.ல சம்பளம் கருவூலத்திலிருந்து, மருந்தில் பெரும்பகுதி மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து. அப்போ கிளெய்ம் வந்தா மிச்சம் யாருக்கு அதிகம்?

ஜி.எச்.சுக்கு வர வேண்டிய கிளெய்ம் பணம் நழுவற ஓட்டை வேற இடத்துல. தொடை எலும்பு முறிவுக்குப் பிளேட் வைக்கிறாங்கன்னா, பிளேட் உறையில லாட் நம்பரோட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தியேட்டர்லயே உரிச்சு கேஸ் ஷீட்டில் ஒட்டணும். உறை குப்பைக்கூடைக்குப் போச்சுன்னா போச்சு. பத்து நாள் கழிச்சு காப்பீட்டுக்காரங்ககிட்டேயிருந்து "ஸ்டிக்கர் இல்லை"ன்னு குவரி (கேள்வி) வரும், அப்போ எங்கே தேடறது? ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் பேரும் தேதியும் தெரியணும். ஸ்டென்ட்னா ஆஞ்சியோ சி.டி.யும் சேர்க்கணும். ரேஷன் கார்டில் "முருகன்", ஆதாரில் "முருகையன்"னு இருந்தா முன் அனுமதியே நின்னுடும்.

கெடிலக்கரை:
நீங்க சொன்னதுதான் என் வாதமும். வார்டு முழுக்க ஓடுற நர்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு நிக்கணுமா? அப்புறம் ஓ.பி. (புறநோயாளி) சீட்டுக்கு ஒரு பைசா கிளெய்ம் கிடையாது. ஜி.எச். கூட்டமே ஓ.பி.தான். ஆபரேஷன் எண்ணிக்கையை வெச்சு ஆஸ்பத்திரியை எடை போட்டா, சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வர்றவர் கணக்கிலேயே வரமாட்டார்.

புதுவைப்பக்கம்:
ஜிப்மருக்கு மத்திய அரசு நேரடியா நிதி தருது. அதனாலதான் கடலூர்க்காரங்க அங்கே போய் நிக்கறாங்க. சிதம்பரம் மருத்துவக் கல்லூரியை 2021ல் சுகாதாரத் துறைக்குக் கொண்டு வந்தாங்க, நல்லது. ஆனா பலகை மாறினா போதாது, பணியிடம் நிரம்பணும்.

மஞ்சக்குப்பம்:
பணியிடம் வேணும், மறுக்கலை. ஆனா கிளெய்ம் பணத்தில் ஒரு பங்கு சிகிச்சை பண்ணின டீமுக்கே ஊக்கத்தொகையா போகுது, மீதியில ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கலாம். காகித வேலைக்குத் தனி ஆள் போட்டா நர்ஸ் ஏன் ஒட்டணும்? தியேட்டர் டிராலியிலேயே ஸ்டிக்கர் ஒட்டறதுக்குன்னு ஒரு தாளை கிளிப் போட்டு வெச்சா பாதி குவரி குறையும்.

கெடிலக்கரை:
விபத்தை எடுங்க. 2021 டிசம்பர் 18 மேல்மருவத்தூரில் தொடங்கின நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, காப்பீட்டு கார்டு இல்லாட்டியும் விபத்துச் சிகிச்சை முதல் 48 மணி நேரம் இலவசம். நல்ல திட்டம்தான். 49வது மணியில் தனியார்ல கிடக்கிற, கார்டு இல்லாதவரை எங்கே மாத்தறாங்க? ஜி.எச்.சுக்குத்தான். ஐ.சி.யு. படுக்கை இருக்கான்னு முன்கூட்டியே போன்ல கேக்கணும்னு ஒரு விதியாவது போடுங்க.

மஞ்சக்குப்பம்:
அதுக்கு நானும் கையெழுத்துப் போடறேன் சார். வருமான வரம்பு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தும் கார்டு எடுக்காதவங்கதான் இதில் அதிகம் மாட்டறாங்க. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துல இப்பவே பதிஞ்சு வெச்சா, 49வது மணிக்கு இந்தச் சண்டையே வராது.


கெடிலக்கரை:
விபத்து நடக்கறதுக்கு முன்னாடி யார் சார் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போறாங்க?