பூங்குழலி – சேந்தன் அமுதன் திருமணம் உங்களுக்கு ஏற்புடையதா?

கல்லடி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களையும் பாடசாலைக் காலத்தில் வாசித்தபோது வந்தியத்தேவனும் குந்தவையும் மட்டுமே என் மனத்தில் நின்றார்கள். இந்த மாரியில் மீண்டும் எடுத்தபோது, முன்னர் பக்கம் புரட்டிக் கடந்த ஓர் இணைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இளவரசர் அருள்மொழியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கோடிக்கரைக் கடலில் தனியே படகு செலுத்தித் திரிந்த பூங்குழலி, கடைசியில் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் சாதுவான சேந்தன் அமுதனை மணக்கிறாள். கதையை முடிப்பதற்காகக் கல்கி அவசரமாகச் செய்துவைத்த கலியாணம் இது என்கிறாள் என் தங்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (நாவலை வாசிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.)

அக்கரைப்பற்று ஆசிரியர்:
தங்கையின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை, சகோதரி. சேந்தன் அமுதன் அவளுக்கு அத்தை மகன். நம் வழக்கில் சொன்னால் முறை மச்சான். நம் ஊர்த் தாய்மார் முதலில் நினைக்கும் சம்பந்தமே அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவனைக் காண்பதற்கு அவளுக்கு அத்தனை புயலும் அலைச்சலும் தேவைப்பட்டன என்பதே எனக்குச் சுவையாக இருந்தது. ஒரேயொரு மனக்குறை உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும் மட்டக்களப்புப் பழக்கத்தில் வளர்ந்தவன் என்பதால், அவனல்லவா கோடிக்கரைக்கு வந்து குடியிருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சிரிக்க வேண்டாம்.

வாழைச்சேனை வாசகன்:
என் குறை வேறு. அமுதன் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் என்று தெரியவந்து, உத்தம சோழனாக முடிசூட்டப்பட்டதும் அந்தத் திருமணத்தின் துணிவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. பூ விற்கும் ஏழையாகவே அவன் இருந்திருந்தால் அவளுடைய தெரிவுக்கு இன்னும் மதிப்பு இருந்திருக்கும். ஆயினும் கல்கியின் இக்கட்டையும் பார்க்க வேண்டும். அருள்மொழி இராசராசன் என்னும் பெயரில் அரியணை ஏறியது 985இல். அதற்கு முன் ஆட்சி செய்தவர் அவருக்குச் சிறிய தந்தை முறையான உத்தம சோழர். சிறிய தந்தைக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அரசை விரும்புவதில்லை என்று அருள்மொழி இருந்ததைச் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. பேராசைக்காரர் ஒருவருக்காக அருள்மொழி விலகினார் என்பது கதையில் சப்பென்று போயிருக்கும். நல்லவன் ஒருவனின் தலையில் தானே முடியைச் சூட்டினார் என்னும்போதுதான் அது தியாகமாகிறது. கல்வெட்டுகளில் உத்தம சோழரின் தேவியர் பலர் வருகிறார்கள். பூங்குழலி மட்டும் முழுக்க முழுக்கக் கல்கியின் மகள்.

கல்லடி வாசகி:
இருவருக்கும் நன்றி. செப்பேட்டுச் செய்தி எனக்குப் புதியது. ஆனால் 'துணிவு குறைந்துவிட்டது' என்பதை ஒப்ப மாட்டேன், தம்பி. அவள் மனம் இசைந்தது மாலை கட்டியவனுக்கு, முடிக்கு அன்று. என் அம்மம்மா வாவியில் சவள் (துடுப்பு) வலித்தவர்; முதுமையிலும் அவருடைய உள்ளங்கைக் காய்ப்பு கரையவில்லை. பட்டத்தரசியான பூங்குழலியின் கையை அமுதன் பற்றும்போதெல்லாம் அந்தக் காய்ப்பு அவனுக்குத் தட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் ஐந்தாம் பாகத்தை மூடினேன்.