நாகூர், சிக்கல், வேளாங்கண்ணி ஒரே நாளில் போதுமா? நாகப்பட்டினம் ஊருக்குள் போக வேண்டாமா?

தஞ்சைப் பயணி:
குடும்பத்தோடு வேனில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் சிக்கல் சிங்காரவேலர், பதினோரு மணிக்கு நாகூர் தர்கா, சாப்பாட்டுக்குப் பிறகு வேளாங்கண்ணி, மாலை கடற்கரை. இரவுக்குள் தஞ்சாவூர் திரும்பிவிடலாம். நாகப்பட்டினம் நகருக்குள் வண்டியை நிறுத்தத் தேவையில்லை. தெரு நெரிசலும் மீன் வாடையும்தான் இருக்கும், பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நாகைத் துறை:
வேறு கருத்து இருக்கிறது நண்பரே, பலமாகவே இருக்கிறது. வடக்கே நாகூரும் தெற்கே வேளாங்கண்ணியும் பெரிய தலங்கள் ஆனதற்கே நடுவில் இருக்கும் இந்தத் துறைமுகம்தான் முக்கியக் காரணம். அதைத் தாண்டிப் போய்விட்டு மற்ற இரண்டையும் பார்த்தேன் என்றால் எப்படி?

காயாரோகணர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தியாகராஜர் ஏழு விதமாக ஆடும் ஏழு ஊர்களான சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. இங்கே தியாகராஜருக்குச் சுந்தரவிடங்கர் என்று பெயர், ஆட்டம் பாராவாரதரங்க நடனம், அதாவது கடல் அலை போல ஆடுவது. கடலோர ஊருக்கு வேறு எந்த ஆட்டம் பொருந்தும்? அம்மன் நீலாயதாட்சி. அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்தர் இந்த ஊர் நுளைப்பாடி மீனவர். முதலில் சிக்கும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவது அவர் வழக்கம். வலையில் பொன்மீன் விழுந்த நாளிலும் அதையே செய்தார். ஆவணி ஆயில்யத்தில் சுவாமி கடற்கரைக்கு எழுந்தருள, படகில் போய்த் தங்க மீனைக் கடலில் விடுகிறார்கள். நீங்கள் வாடை என்று சொன்னீர்களே, அந்த மீன்பிடித் தொழிலிலிருந்து வந்த நாயனார் அவர்.

பக்கத்திலேயே சௌந்தரராஜப் பெருமாள். திருமங்கையாழ்வார் ‘அச்சோ ஒருவர் அழகிய வா’ என்று பாசுரத்துக்குப் பாசுரம் வியந்து முடித்தது இந்தப் பெருமாளைப் பார்த்துத்தான்.

அப்புறம் சூடாமணி விகாரம். சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரில் எழுப்பிய புத்தப் பள்ளி, அதாவது பௌத்தத் துறவிகளின் மடம். முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான். அதை ராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். கடல் கடந்த நாட்டு அரசன் ஒரு சைவ அரசனின் ஊரில் பௌத்தப் பள்ளி கட்டுகிறான். இப்படி ஓர் ஊரில் நிறுத்தத் தேவையில்லையா?

தஞ்சைப் பயணி:
நீங்கள் சொல்வது வரலாறு, நான் சொல்வது நேர்த்திக்கடன். இரண்டும் வேறு. முழங்கால் வலியோடு வரும் என் அம்மாவுக்கு வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், நாகூரில் துஆ ஓதிக் கேட்க வேண்டும், சிக்கலில் வேலவனைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவருக்கு ராஜராஜனின் செப்பேடு எதற்கு? விகாரத்தில் ஒரு சுவர்கூட இன்று நிற்கவில்லை. இல்லாத இடத்தைப் பார்க்க வேனை நிறுத்தச் சொல்கிறீர்களா? மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாகூர் பிள்ளை:
தஞ்சை அண்ணே, உங்கள் அம்மா நலமாக இருக்கட்டும். ஆனால் பதினோரு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குக் கிளம்புவது தர்காவுக்கு வந்ததாக ஆகாது. இங்கே நோயோடு வருகிறவர்கள் நாள் கணக்கில் தங்குகிறார்கள். குளத்தில் குளிப்பார்கள், முடி இறக்குவார்கள், வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், வீடு, படகு என்று காணிக்கை போடுவார்கள். முடிந்தால் வியாழன் மாலை வாருங்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும், ஆனால் நாகூர் எப்படிப்பட்ட ஊர் என்று அப்போதுதான் தெரியும்.

நாகைத் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் தர்காவின் உயரமான கோபுரமான பெரிய மனாராவுக்குக் கீழே நின்று ‘இதைக் கட்டியது இந்து மன்னர்’ என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 131 அடி உயர மனாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது உண்மை, எங்களுக்கும் பெருமை. ஆனால் இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவரை நம்பி வருகிறவருக்கு அது சான்றுப் பத்திரம் இல்லை. உள்ளே ஃபாத்திஹா ஓதும்போது கைப்பேசியை நீட்டாதீர்கள். வரலாறு தேடி வருகிறவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

மற்றபடி துறைமுகம் பற்றி அவர் சொன்னது சரி. தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்துதான் ஊர்வலமாக வருகிறது, கப்பல் வடிவ ரதங்களோடு. இங்கிருந்து கப்பலேறியவர்கள் சிங்கப்பூரில் 1830 வாக்கிலேயே நாகூர் தர்கா கட்டினார்கள், பினாங்கிலும் கட்டினார்கள்.

புதுவெளி:
விகாரத்தில் சுவர்கூட இல்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லையே? 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது அங்கே மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் நின்றது. கடலில் வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். 1867இல் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையார் தங்கள் கட்டடத்துக்காக அதை இடித்தார்கள். இதை ஒரு வரி சொல்லாமல் தேவாலயம், தர்கா, கோயில் என்று இனிமையாகப் பட்டியல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பட்டியலில் வேளாங்கண்ணியை முதலில் வைப்பதையும் ஏற்கமாட்டேன்.

மாதா குளத்தடி:
இடித்தது தவறுதான், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைய ஆங்கிலேய அரசு அனுமதி கொடுத்துத்தான் இடிக்கப்பட்டது. கோபுரம் அதற்கு முன்பே பாழடைந்து கிடந்தது. பௌத்தர்கள் இந்த ஊரில் இல்லாமல் போய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது. அது எப்படி நடந்தது என்பதற்கும் இயேசு சபையார்தான் பதில் சொல்ல வேண்டுமா?

வேளாங்கண்ணியை இதில் இழுப்பது நியாயமில்லை. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் கட்டிய ஆலயம் அது, அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் பீடத்தைச் சுற்றி இன்றும் பதித்திருக்கின்றன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 1771இல் தனிப் பங்கு ஆலயமாகும்வரை அது நாகப்பட்டினத்தின் கீழ்தான் இருந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. மாதா குளத்திலிருந்து மணலில் முழங்காலால் வருகிறவரிடம் போய் 1867ஐப் பற்றிக் கேட்பீர்களா? 2004 சுனாமியில் அந்தக் கடற்கரையிலேயே நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் இறந்தார்கள். எங்களுக்கு அது உல்லாசக் கடற்கரை இல்லை.

புதுவெளி:
முழங்காலால் வருகிறவரிடம் கேட்கமாட்டேன். பயணத் திட்டம் எழுதுகிறவரிடம் கேட்கிறேன். 1856 முதல் விகாரம் இருந்த வட்டாரத்தில் சுமார் 350 புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பல எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. கோபுரம் இல்லை, திருமேனிகள் ஊரில் இல்லை, செப்பேடு ஹாலந்தில் லெய்டனுக்குப் போனது. நீங்களும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

நாகைத் துறை:
புதுவெளி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு, வேளாங்கண்ணியைக் கீழே தள்ளுவதைத் தவிர. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், 1781இல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் ஒன்றைக் கட்டினார்கள், ஒன்றை இடித்தார்கள். துறைமுக ஊரின் வழிபாட்டிடங்களைப் பார்ப்பது என்றால் இடிந்ததையும் சேர்த்துத்தான்.

தஞ்சை நண்பருக்கு நடைமுறையாக ஒன்று. அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். வியாழன் பிற்பகல் கிளம்பி மாலை நாகூர், இரவு நாகையில் தங்கல். வெள்ளி காலை நடை திறந்ததும் நீலாயதாட்சி, அடுத்து பெருமாள், மதியம் வேளாங்கண்ணி. திரும்பும் வழியில் மாலை நடை திறந்த பிறகு சிக்கல்.

தஞ்சைப் பயணி:
ஒரு இரவு தங்குவது எல்லோருக்கும் முடியாது. தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் லீவு எடுத்துத்தான் வேன் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு என் திட்டம்தான் சரி, அதில் மாற்றமில்லை. ஆனால் என் அம்மாவுக்கு நீலாயதாட்சியைச் சேர்க்கிறேன். காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சியோடு சேர்த்துச் சொல்லும் அம்மன் என்று அம்மாவே சொல்லிவிட்டார். நடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று உள்ளூர்க்காரர் யாராவது சொல்லுங்கள்.

நாகூர் பிள்ளை:
கோயில் நேரத்தைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் அண்ணே. எந்த வாரம் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கந்தூரி நாளாக இருந்தால் வேன் ஊருக்குள் நுழையாது. அம்மாவை அவ்வளவு தூரம் நடக்க வைக்க முடியாது.