எக்ஸ் இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டா?

நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் மூன்று எழுத்து சொல்வார். அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற ஆங்கிலச் சொல்லை மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் எழுத வேண்டும். இடையில் வேறு எழுத்துகள் வரலாம். யாருடையது நீளமோ அவருக்கு வெற்றி.

போன வாரம் எனக்கு விழுந்தது ஈ, எக்ஸ், டி. (தமிழில் எழுதினால் இரண்டு டியும் ஒன்றுதான். இது டைகரில் வருகிற டி.) பத்தே நொடியில் 'எக்ஸ்டசி' என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அகராதியைத் திறந்தால் அதில் எக்ஸே இல்லை. ஈ, சி, எஸ் என்றல்லவா ஆரம்பிக்கிறது! இத்தனை வருடமாக அந்தச் சொல்லைத் தப்பாகவே மனசில் வைத்திருந்திருக்கிறேன். எதிரே இருந்த தோழி எழுதியது 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்லி'. 14 எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. அவள் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? சொல்லுங்கள், என் மனசும் ஆறும்.

*

எனக்கு இசட்டில் நடந்தது. நான் ஸ்கிராபிள் ஆடுகிறவன். மொத்தம் 100 கட்டைகள். இசட் ஒன்றே ஒன்று, க்யூவும் ஒன்றே ஒன்று, இரண்டுக்கும் தலா 10 புள்ளி. அதனால் இசட் கையில் வந்தால் வீணாக்க மனம் வராது. ஆனால் காதால் தேடினால் இசட் கிடைக்காது. 'பொசெஸ்', 'சிஸர்ஸ்' இரண்டிலும் அந்த ஒலி கேட்கிறது, எழுத்து இல்லை. 'ராண்டேவூ'வில் ஒலியே கிடையாது, எழுத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை 'பிஸாஸ்' (பி-ஐ-இசட்-இசட்-ஏ-இசட்-இசட்) வைக்க ஆசைப்பட்டேன். அதற்கு நாலு இசட் வேண்டும். உள்ள ஒன்றையும், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டைகள் இரண்டையும் சேர்த்தாலும் மூன்றுதான். அந்தச் சொல்லை அந்தப் பலகையில் யாராலும் வைக்க முடியாது என்று புரிய எனக்கு அரை ஆட்டம் ஆனது.

அதன்பிறகு வழக்கத்தை மாற்றினேன். சொல்லைத் தேடுவதில்லை, வாலைத் தேடுகிறேன். ஐ-என்-ஜி, ஈ-டி, டி-ஐ-ஓ-என், எது கையில் இருக்கிறதோ அதை வலது ஓரம் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் கலைத்துக் கலைத்துப் பார்ப்பேன். ஏழு கட்டையும் ஒரே வீச்சில் இறங்கினால் 50 புள்ளி கூடுதல். அது பெரும்பாலும் வால் இருக்கிற கையில்தான் விழுகிறது.

*

நான் நிரல் எழுதுகிறவன், அதனால் சோம்பேறி. யூனிக்ஸ் கணினிகள் பலவற்றில் ஆங்கிலச் சொற்களை வரிக்கு ஒன்றாக அடுக்கிய கோப்பு ஒன்று இருக்கும். கிரெப் என்ற கட்டளையில் வேண்டிய எழுத்துகளைப் போட்டு, நடுவில் புள்ளியும் நட்சத்திரமும் வைத்தால் 'இங்கே எதுவும் வரலாம்' என்று அர்த்தம். கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் கொட்டும். ஆர், எஸ், டி, யூ நாலும் ஒட்டியபடி வருமா என்று கேட்டேன். 'அண்டர்ஸ்டடி', 'ஓவர்ஸ்டஃப்டு' என்று வந்தன. நானாக யோசித்திருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் பார்த்தவை எதுவும் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அடுத்தடுத்து வருகிற சொல்லோ கணினியில் கிடைத்ததல்ல. அரிப்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையில் இருந்தது: ஹைட்ராக்சிசின். சொறிவதை நிறுத்திவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் மறக்கவே இல்லை. என்னைக் கேட்டால் கிரெப் நல்ல நடுவர், ஆட்டக்காரர் இல்லை.

*

சின்ன விஷயம்தான். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வரிசையாக வரும் சொல் கேட்டால் 'ஃபசீஷியஸ்' என்பேன். லி சேர்த்தால் ஒய்யும் வந்துவிடும். தலைகீழ் வரிசைக்கு 'அன்காம்ப்ளிமெண்டரி'. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள், "வரிசை வேண்டாம்பா, ஐந்தும் இருந்தால் போதுமென்றால் எஜுகேஷனிலேயே இருக்கே" என்றாள். தினமும் சொல்கிற சொல்!

*

நான் வேறு மாதிரி ஏமாந்தேன். நியூமோனோவில் ஆரம்பிக்கும் அந்த 45 எழுத்து நோய்ப் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எந்த எழுத்தைக் கேட்டாலும் அதில் இருக்காமலா போகும் என்ற தைரியம். முதல் கேள்வியே 'எச் வர வேண்டும்'. இல்லை. அடுத்து 'ஒய்'. அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணினால் 45 இடத்தையும் வெறும் 14 வகை எழுத்துகள்தான் பங்கு போட்டிருக்கின்றன. ஓவும் ஐயும் சியுமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஈ ஒரே ஒரு தடவை. மேலே தோழி எழுதிய சொல்லோ வெறும் 14 எழுத்து, அதிலும் வகை 14 இருக்கிறது. 'அன்காப்பிரைட்டபிள்' எழுதினால் 15 எழுத்து, 15 வகை. இதில் இன்னொன்று: அந்த 45 எழுத்துச் சொல்லே வைத்தியர்களிடம் பிறந்ததல்ல. 1935-இல் அமெரிக்கப் புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் நீளத்துக்காகவே உருவாக்கியது. நீளத்துக்காகவே பிறந்த பெயரை நம்பிப் போனது என் தப்பு.

*

கேள்வி கேட்டவள் மறுபடியும். நேற்று ஆடினோம். பி, சி, எச். பேப்பரில் வருகிற பி. எல்லோரும் உதட்டைக் குவித்து 'ப', 'ப' என்று முனகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 'பர்ச்சேஸ்', ஒருவர் 'பார்ச்மெண்ட்'. நான் காதை மூடிக்கொண்டு, வாயில் வராத பியைத் தேடினேன். 'சைக்கோதெரபிஸ்ட்'. 15 எழுத்து! முதல் எழுத்தே சத்தமில்லாத பி.

எழுந்து நின்று காகிதத்தைக் காட்டினேன். தோழி தன்னுடையதைத் திருப்பினாள். அதே சத்தமில்லாத பி: 'சைக்கோஃபார்மகாலஜி', 18.