கிரையோ கருவி இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

மலையடிவாரம்:
வணக்கம். ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனையில் கொள்முதல் பார்க்கிறேன். கிராமங்களில் முகாம் போட்டு, அசிட்டிக் ஆசிட் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. முறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறோம். புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்தால் அங்கேயே சிகிச்சை கொடுக்க ஆசை. ஒருவர் பழைய கிரையோ கருவியை (அந்த இடத்தை உறைய வைத்து அழிப்பது) இலவசமாகத் தருகிறார், எங்கள் டாக்டரோ தெர்மல் அப்லேஷன்தான் (சூட்டால் அழிப்பது) வேண்டும் என்கிறார். சும்மா வருவதை விட்டுவிட்டு ஏன் காசு போட வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

முகாம் சிஸ்டர்:
கருவி இலவசம், சரி, உறைய வைக்கிற கேஸ்? 3 நிமிடம் உறைய வைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம், இத்தனைக்கும் சிலிண்டரில் அழுத்தம் நிற்க வேண்டும். எங்கள் முகாமில் மதியத்துக்கு மேல் அழுத்தம் இறங்கிவிட்டது, காத்திருந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னோம். எல்லாரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள், பலர் திரும்பி வரவே இல்லை. அந்தச் செலவைக் கமிட்டி எந்தக் கணக்கில் எழுதும்?

தென்றல்:
தெர்மல் அப்லேஷனை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே பரிந்துரைத்துவிட்டது. 100 டிகிரி சூடு, ஒரு நிமிடத்துக்குள் ஒரு தடவை முடிந்துவிடும், பேட்டரியில் ஓடுகிற சின்னக் கருவி, பையில் போட்டு எடுத்துப் போகலாம். யுனிட்எய்டு என்ற சர்வதேச சுகாதார அமைப்பு பேசி முடித்த விலையில் ஏழை நாடுகளுக்கு 1,000 டாலருக்குள் கிடைத்தது. அந்த விலை இப்போது உங்களுக்கும் உண்டா என்று விசாரியுங்கள்.

குமரன்:
கிரையோவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் நர்சுகளே வி.ஐ.ஏ. பார்த்து, கிரையோவும் செய்தார்கள். இந்தப் புற்றுநோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது, 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கேஸ் ஒழுங்காக வந்து சேருகிற ஊரில் கிரையோ இன்றைக்கும் நல்ல வேலை செய்யும். உங்கள் சாலைக்கு கேஸ் வண்டி வருமா என்பதை முதலில் பாருங்கள்.

மலையடிவாரம்:
மழைக்காலத்தில் வண்டி வராது. அப்போது தெர்மலுக்கே எழுதுகிறேன். வேறு எதைச் சேர்க்க வேண்டும்?

முகாம் சிஸ்டர்:
ஸ்பெகுலம், அதாவது கருப்பை வாயைப் பார்க்க யோனியை விரித்துப் பிடிக்கும் கருவி! எல்லாரும் மறப்பது இதைத்தான். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தனி ஸ்பெகுலம் வேண்டும், பத்துதான் இருந்தால் பத்துப் பேரோடு முகாம் நின்றுவிடும். பிளீச்சில் நெடுநேரம் ஊற விட்டால் ஸ்டீல் அரித்துப்போகும். தெர்மல் கருவியின் ப்ரோப் முனையும் (கருப்பை வாயைத் தொடுகிற நுனி) இரண்டாவது வாங்குங்கள், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று ஓடும். அப்புறம், மாற்றம் கருப்பை வாய்க்கு உள்ளே இறங்கியிருந்தால் இந்தக் கருவி ஆகாது, அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள்.