மறுமொழி: தாழ்த்திய வண்டியின் புகைக்குழாய் – ‘இடைவெளி’ என்ற சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

காற்றுப் பைகளின் மேல் நிற்கும் வண்டியில் புகைக்குழாய் ஓட்டுவது பற்றி என் மாணவர்களுக்காக எழுதும் கையேட்டுப் பாடத்தில், குழாய்க்கும் அச்சுக்கும் (சக்கரங்களை இணைக்கும் தண்டு) நடுவே விட வேண்டிய இடத்துக்கு ‘ஏறுவெளி’ என்று ஒரு சொல் வைத்திருந்தேன். ‘இடைவெளி’ என்ற சொல் கையில் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாதவரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு வண்டிதான் என் பதில்.

நடுத்தர அளவுச் சரக்கு வண்டி அது. பின்புறப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, காற்றடைத்த ரப்பர் பைகளைப் பொருத்தியிருந்தார்கள். பழைய சைலன்சர் குழாய் புது அமைப்புக்கு ஒத்துவரவில்லை என்பதால், பின்னச்சுக்கு மேலே வளைத்துப் புதிய குழாய் ஓட்டினார்கள். பைகளில் காற்று நிறைந்திருந்தபோது குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் அளவு இடம் இருந்தது. வேலை செய்த பட்டறையில் ‘இடைவெளி சரியாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை. இரவில் எங்கோ ஒரு இணைப்பில் காற்று கசிந்தது. காலையில் வண்டி உட்கார்ந்திருந்தது. சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்ந்து கீழே வந்த குழாய் அச்சின் மேல் அமர்ந்து, அதைத் தொங்கவிட்டிருந்த ரப்பர் வளையத்திலிருந்து கழன்று, பையின் பக்கம் சாய்ந்தது. ஓட்டுநர் வண்டியை முடுக்கிக் காற்றை ஏற்றினார், வண்டி எழுந்தது. குழாய் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மணலியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சுமையோடு போனபோது, கவரைப்பேட்டை அருகே பை வெந்து கிழிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. இன்று நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

அன்றிலிருந்து ‘இடைவெளி’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அது அசையாத இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, புகைக்குழாய் எரிபொருள் குழாயிலிருந்து 35 மி.மீ. தூரத்துக்குள் வரக் கூடாது என்கின்றன. இரண்டுமே சேசிஸில் பிடிக்கப்பட்டவை. அங்கே ‘இடைவெளி’ முழுக்கப் பொருந்தும். அச்சின் கதை வேறு. அது சக்கரத்தோடு இருக்கிறது, குழாய் சேசிஸோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், காற்று ஏற ஏறக் கூடி, இறங்க இறங்கக் குறைகிறது. அளவு நாடாவை எந்த நேரத்தில் பிடித்தோம் என்று சொல்லாவிட்டால் அந்த அளவுக்குப் பொருளே இல்லை.

கையேட்டில் இந்தப் பாடத்துக்கு அமெரிக்க ஆர்வலர்கள் மாற்றியமைக்கும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வியந்தார்கள். அந்த வண்டிகளில் பைகளின் காற்றை முழுக்க விட்டால் சேசிஸ் ஏறக்குறைய தரையைத் தொடும். அச்சு மேலேற இடம் வேண்டும் என்று சேசிஸ் சட்டத்தையே வளைவாக வெட்டி, மேலே வேறு இரும்பு வைத்துப் பற்றவைக்கிறார்கள். அந்த வெட்டுக்கு அவர்கள் ஓர் ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நான் ‘பிறைவெட்டு’ என்று எழுதியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை, மகிழ்ச்சி. குழாயைச் சட்டத்துக்குக் கீழே விட்டால் தரையில் உரசும். அச்சுக்கு மேலே விட்டால் பிறைவெட்டில் அச்சு வந்து இடிக்கும். அதனால் குறுக்குச் சட்டத்தில் துளையிட்டு உள்ளே நுழைக்கிறார்கள், உருண்டைக் குழாய்க்குப் பதில் தட்டையான நீள்வட்டக் குழாய் போடுகிறார்கள், அல்லது பின்சக்கரத்துக்கு முன்பே பக்கவாட்டில் முடித்துவிடுகிறார்கள். கடைசி வழியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. புகை கீழ்நோக்கியும் இடப்பக்கமாகவும் வெளியேறக் கூடாது என்பது நம் விதி. தவிர, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை இப்படி மாற்றுவதே இங்கே சட்டப்படி செல்லாது. மாணவர்களை அதைச் செய்யச் சொல்லவில்லை. ஓர் அங்குலம் பிசகினாலும் உடனே இடிக்கும் வண்டி அது. அதனால் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கண்முன்னும் இது நடக்கிறது. 2024 முதல் சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் காற்றைக் குறைத்து நடைமேடைப் பக்கம் தாழ்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து என்னிடம் படிக்க வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “பஸ் உட்கார்ந்து ஆளை ஏற்றிக்கொண்டு எழுந்து போகிறது, ஐயா” என்றான். உட்கார்வது, எழுவது, போவது என்று அவன் சொன்ன வினைகளிலிருந்தே என் முதல் மூன்று சொற்கள் வந்தன. காற்று முழுக்க இறங்கியது அமர்நிலை. சாலையில் ஓடும்போது இருப்பது ஓடுநிலை. முழுக்கக் காற்றேற்றித் தூக்கியது எழுநிலை. ‘இயல்பு உயரம்’, ‘குறைந்தபட்ச உயரம்’ என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

இனி விவாதத்துக்குரிய சொல். குழாய் வேலையில் அச்சு மேலேறி வர விட்டுவைக்க வேண்டிய இடத்தை நான் ‘ஏறுவெளி’ என்கிறேன். இது வினைத்தொகை. ஏறிய வெளி, ஏறுகின்ற வெளி, ஏறும் வெளி என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கியது. பள்ளியில் ஊறுகாயை வைத்து இந்த இலக்கணத்தைப் படித்தோம், பிறகு மறந்துவிட்டோம். ஆனால் ஓர் உறுப்பு இதுவரை போன இடம், இப்போது இருக்கும் இடம், இனி போகக்கூடிய இடம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவைக்கு, காலத்தைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் இந்தத் தொகையைவிடப் பொருத்தமான கருவி இருக்குமா? தேர் ஓடும் வீதியில், தேர் நிலையில் நிற்கும்போது அளந்து யாரும் திண்ணை கட்டுவதில்லை. வீதி முழுவதும் தேருக்கு உரியது. ஏறுவெளி அச்சுக்கு உரியது.

சேசிஸ்தானே இறங்குகிறது, அச்சு எங்கே ஏறுகிறது, ‘தாழ்வெளி’ என்பதே சரி என்று பொன்னேரி நண்பர் எழுதியிருந்தார். தரையில் நின்று பார்த்தால் அவர் சொல்வது உண்மை. குழாய் ஓட்டுபவர் தரையில் நிற்பதில்லை. வண்டிக்கு அடியில் உள்ள பட்டறைக் குழிக்குள் இறங்கி, கண்ணைக் குழாயின் மேல் வைத்திருக்கிறார். அவருக்கு அச்சுதான் எழுந்து வருகிறது. இன்னொன்று: ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் சேசிஸ் தாழாமலேயே அச்சின் அந்த முனை மட்டும் மேலே வரும். சக்கரத்தை ஒட்டிக் குழாய் போனால், நடுவில் போவதைவிடக் கூடுதல் இடம் தேவை. ‘தாழ்வெளி’ இதை மறைத்துவிடும்.

சிலர் பரிந்துரைத்த ‘ஆடுவெளி’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பட்டறையில் ‘ஆட்டம்’ என்றால் தேய்மானம். ‘பேரிங் ஆட்டம்’ என்றால் மாற்ற வேண்டும் என்று பொருள். கோளாறின் பெயரைத் திட்டமிட்டு விடும் இடத்துக்கு வைக்க வேண்டாம்.

‘தீண்டாவெளி’ என்ற பரிந்துரையை நான் ஏற்க மாட்டேன். ஒன்றையொன்று தொடக் கூடாது என்ற பொருளில் நல்லெண்ணத்தோடுதான் அதைச் சொன்னார்கள் என்று தெரியும். என் வகுப்பில் வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த வேர்ச்சொல் சிலருடைய தாத்தா பாட்டிக்கு என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியும். கரும்பலகையில் அதை எழுத என் கை வராது.

இப்போது அச்சைத் தவிர மற்றவை. நான் கேட்பது ஒரு சொல்லை மட்டும் அல்ல, சொல் ஆக்கும் ஒரு வார்ப்பை. அசையும் பொருள் எப்படி அசைகிறதோ அந்த வினையின் பகுதியோடு ‘வெளி’யைச் சேர்த்துக்கொள்ளலாம். காற்றுப் பை அமுங்கும்போது இடுப்பில் புடைக்கிறது. தயாரிப்பாளர்கள் அதன் பெரும விட்டத்தை அட்டவணையில் தருகிறார்கள். அதைச் சுற்றி விட வேண்டியது புடைவெளி. வெப்பத்துக்காக விடும் தூரம் அதற்கு மேல் தனி. இஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் குலுங்குவதற்கு, முன்புற மடிப்புக் குழாயைச் சுற்றி குலுங்குவெளி. குழாய் சூட்டில் நீள்வதற்கு நான் ‘நீள்வெளி’ என்று எழுதியிருந்தேன். அது ‘நீளமான வெளி’ என்று படிக்கப்படும் என்று மதுரைத் தமிழாசிரியர் அம்மா சுட்டிக்காட்டினார். திருத்திக்கொண்டேன்: விரிவெளி. மூன்று மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 11 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் பற்றவைப்புதான் விரிசல் விடும்.

பையைத் ‘துருத்தி’ என்று சொல்லலாம் என்ற யோசனை அழகானது. கொல்லன் பட்டறைச் சொல், வடிவமும் ஒத்துப்போகிறது. ஆனால் துருத்தி காற்றை ஊதுவது, இது காற்றை அடக்கிச் சுமை தாங்குவது. இப்போதைக்குக் ‘காற்றுப்பை’ என்றே விடுகிறேன்.

சைலன்சர் என்பதை மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. ஒலியடக்கும் பெட்டி மட்டும் சைலன்சர், இஞ்சினிலிருந்து வால்முனை வரை உள்ளது புகைக்குழாய், அது போகும் வழி புகைத்தடம். பட்டறையில் ‘லைன் இழுப்பது’ என்கிறார்கள், நான் ‘தடம் இழுப்பது’ என்கிறேன். ‘வெளியேற்ற வழித்தடப்படுத்தல்’ என்று குழியிலிருந்து ஒருவர் மேலே குரல் கொடுக்க முடியாது.

பாடத்தின் முக்கிய வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: “சேசிஸுக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, காற்றை முழுக்க விட்டு, அமர்நிலையில் வைத்துத் தடம் இழு. ஏறுவெளிக்குள்ளும் புடைவெளிக்குள்ளும் குழாய் வரக் கூடாது. பின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி மீண்டும் பார். கடைசியாக எழுநிலையில் வைத்துக் காற்றுக் குழல்கள் இழுபடுகின்றனவா என்று பார்.” முந்தைய வரைவில் இது இரண்டு பத்தி நீளம் இருந்தது.

நேற்று இதை வகுப்பில் வாசித்தேன். வரைபடம் காட்டுவதற்கு முன்பே ஒரு மாணவி எழுந்து, “அப்படியென்றால் பிறைவெட்டு, ஏறுவெளிக்காகத்தானே ஐயா?” என்று கேட்டாள்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், பாடம் அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்னொரு உதவியும் தேவை. குழாயைச் சேசிஸிலிருந்து தொங்கவிடும் அந்த ரப்பர் வளையத்தை உங்கள் ஊர்ப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள்? மாதவரத்து வண்டியில் முதலில் கழன்றது அதுதான். அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து