பட்டர் பேப்பர் கேக்கோடு ஒட்டிக்கொள்கிறது, ஏன்?

கேள்வி (மாவுடப்பா): 8 இன்ச் வட்ட டின், ஓடிஜியில் (வீட்டு மின் ஓவன்) 180 டிகிரி, 40 நிமிஷம். அடியில் பட்டர் பேப்பர், எண்ணெய் தடவவில்லை. முழுக்க ஆறிய பிறகு கவிழ்த்து உரித்தால் கேக்கின் அடித்தோலும் பேப்பரோடு வந்துவிடுகிறது. பார்ச்மென்ட் பேப்பர் என்று கூடுதல் விலைக்கு விற்பது இதேதானா, வேறா?

ஓவன்வாசி: வேறு. பார்ச்மென்டில் சிலிகான் பூச்சு இருக்கும், அதனால்தான் ஒட்டாது. பட்டர் பேப்பர் என்று கிடைப்பதில் பெரும்பாலானவை எண்ணெய் ஊறாத தாள் மட்டுமே; மாவின் ஈரமும் சர்க்கரையும் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் 'சிலிகான் கோட்டட்' என்றும், எத்தனை டிகிரி வரை என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். நல்லது 220 வரை தாங்கும். மெழுகுத் தாளை மட்டும் ஓவனில் வைக்காதீர்கள், மெழுகு உருகிப் புகையும். அதைக் கண்டுபிடிக்க நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு கையோடு வரும்.

கையிலிருப்பதைத் தீர்க்க வேண்டுமா? டின்னில் துளி வெண்ணெய் தடவித் தாளை ஒட்டுங்கள். தாளின் மேலும் மெல்லிசாகத் தடவி மைதா தூவித் தட்டிவிடுங்கள்.

கரண்டி: முழுக்க ஆறவிட்டதும் ஒரு காரணம். டின்னுக்குள்ளேயே ஆறினால் நீராவி அடியில் தங்கித் தாள் நமத்துப்போகும். ஓவனிலிருந்து எடுத்து 10 நிமிஷத்தில் கம்பித் தட்டில் கவிழ்த்து, சூடு இருக்கும்போதே உரியுங்கள். அப்படியும் பிடித்தால் தாளின் முதுகில் ஈரத்துணியை 2 நிமிஷம் போட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்கலாம்.

டின்னை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டால், கோடு விழுந்த பக்கம் கீழே போகட்டும்.

மாவுடப்பா: அலுமினியம் ஃபாயில் போட்டால்?

ஓவன்வாசி: எண்ணெய் தடவாவிட்டால் அதுவும் ஒட்டும், மடிப்பில் மாவு புகுந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கேக்கின் தலை சிவந்துபோகாமல் மேலே லேசாக மூடத்தான் ஃபாயில்.

பலகாரக்கடை: மீதியிருக்கும் பட்டர் பேப்பரை வீணாக்காதீர்கள். ஓவனில் வைக்காத வேலைக்கு அதுவே போதும். பர்ஃபி தட்டில் இரு பக்கமும் 2 இன்ச் வெளியே தொங்கும்படி விரித்தால் அப்படியே தூக்கி வெட்டலாம். நெய் தடவி அதில் போளி தட்டலாம். தவாவில் கவிழ்த்ததும் தாளை உரித்துவிடுங்கள், அடுப்பில் விடக்கூடாது.

ஏர்ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு: வெறும் தாளைப் போட்டுச் சூடேற்றாதீர்கள். விசிறிக் காற்றில் பறந்து மேலேயிருக்கும் சூடாகும் கம்பிச்சுருளில் பட்டால் பற்றிக்கொள்ளும். பண்டத்தின் கனம் அமுக்கினால்தான் அது அடங்கி இருக்கும்.