வீட்டு வாட்ஸ்அப் குழு: தாத்தாவின் டர்ன்டேபிள்

அருண்: தாத்தாவின் டர்ன்டேபிளை, அதான் அந்த ரெக்கார்ட் பிளேயரை, எடுத்து வந்துவிட்டேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. பின்னால் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் செருகினேன். தட்டு சுற்றுகிறது. ரெக்கார்ட் போடட்டுமா சித்தப்பா?

சித்தப்பா: இப்போது வேண்டாம். வோல்ட்டைப் பார்த்தது நல்லது. ஜப்பானுக்குள் விற்றவை 100 வோல்ட், அதை அப்படியே 230-ல் செருகினால் மின்மாற்றி போய்விடும்.

லதா அத்தை: பெல்ட் தொய்ந்திருக்குமே அண்ணா, மாற்ற வேண்டாமா?

சித்தப்பா: இதில் பெல்ட்டே கிடையாது லதா. தட்டின் அடியில் காந்தம், அதற்குக் கீழே கம்பிச்சுருள்கள். அந்தத் தட்டே மோட்டாரின் ஒரு பாகம். ரெக்கார்ட் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மோட்டாரும் அதே வேகம்தான். இந்த முறையை 1970-ல் டெக்னிக்ஸின் தாய் நிறுவனம் மட்சுஷிட்டா எஸ்பி-10 என்று முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஷுய்ச்சி ஒபாட்டா என்ற பொறியாளரின் உழைப்பு. 1200 வந்தது 1972-ல். அருணிடம் இருப்பது 1979-ல் வந்த ரகம், வேகத்தைச் சீராக வைக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ளது.

அருண்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரை நகர்த்தினால் ஒரு இடத்தில் வேகம் தடுமாறுகிறது.

சித்தப்பா: உள்ளே தூசியாக இருக்கும், காண்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும். ஸ்லைடரை நடுவில் வை. பச்சை விளக்கு எரிந்து, தட்டின் ஓரத்துப் பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. இந்த மோட்டார்கள் லேசில் போகாது, எனக்குக் கவலையே ஊசியைத் தாங்கும் கை, அந்த ஆர்ம் பற்றித்தான். ஆர்மின் நுனியில் இருக்கும் ஹெட்ஷெல்லை விரலால் பிடித்து மெதுவாக அசைத்துப் பார். ஆர்ம் திரும்பும் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா?

அருண்: துளியும் இல்லை. ஆனால் ஊசி வளைந்திருக்கிறது. ஊசியோடு வரும் கார்ட்ரிட்ஜ், ஆர்டோஃபான் 2எம் ரெட், புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா: அருமை. அதை ஹெட்ஷெல்லில் மாட்டு, திருகை முழுதாக இறுக்காதே. ஹெட்ஷெல் ஆர்மில் பொருந்தும் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மில்லிமீட்டர் வர வேண்டும். நேராகவும் இருக்க வேண்டும். வந்ததும் இறுக்கு.

அருண்: வந்துவிட்டது. அடுத்து ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடையா?

சித்தப்பா: முதலில் ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வை. ஊசி உறையைக் கழற்றிவிட்டு, ஆர்மின் பின்னால் இருக்கும் எடையைத் திருகித் திருகி ஆர்ம் படுக்கைவாட்டில் தானாக மிதக்கும்படி கொண்டுவா. அப்புறம் எடையை அசைய விடாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்பு. அதன் பிறகு இரண்டையும் சேர்த்து 1.8 வரை திருகு. ஆன்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்குக் கொண்டுவா.

பவித்ரா: 1.8 கிராம் எதற்கு? 1.2 வைத்தால் ரெக்கார்ட் தேயாதே. தாத்தாவின் இசைத்தட்டுகளாயிற்றே.

சித்தப்பா: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள் பவி, தட்டுகள் கெடுவதே அங்கேதான். எடை போதாவிட்டால் பலமான ஒலி வரும்போது ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி மறுபடி வந்து மோதும். ஒவ்வொரு மோதலும் சுவரைச் சிதைக்கும், அந்தக் கரகரப்பு பிறகு எந்த ஊசி வைத்தாலும் போகாது. இந்த ஊசிக்குத் தயாரிப்பாளர் சொல்வது 1.6 முதல் 2.0 வரை. அதற்குள் நில். முடிந்தால் சின்ன டிஜிட்டல் தராசில் சரிபார், வளையத்தை மட்டும் நம்பாதே.

அருண்: தராசில் 1.79.

சித்தப்பா: போதும். ரசமட்டம் வைத்து டெக் சமமாக இருக்கிறதா பார், கால்களைத் திருகலாம். ஊசி ரெக்கார்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார். இல்லையென்றால் ஆர்மின் உயரப் பூட்டை விடுவித்துவிட்டு உயர வளையத்தைத் திருப்பு. பூட்டோடு திருப்பாதே.

லதா அத்தை: அப்பா போடும்போது கடைசிப் பாட்டில் மட்டும் "ச" எழுத்தெல்லாம் சீறும். தட்டே அப்படியோ என்று நினைத்தேன்.

சித்தப்பா: கடைசிப் பாட்டு உள்வட்டத்தில் வரும் லதா. சுற்று வேகம் ஒன்றுதான், ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ளே 21-தான். அதே ஒலியை அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள். கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். தட்டு தேய்ந்திருந்தால் சீறல் இருக்கும், ஆனால் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அளவு தப்பியிருந்தால் இப்போது போய்விடும்.

அருண்: போட்டேன். பாட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம்.

சித்தப்பா: தனியாக ஒரு மெல்லிய கம்பி தொங்குமே, அதை ஆம்ப்ளிஃபயரில் தரை இணைப்புக்கு ஜிஎன்டி என்று போட்ட திருகில் மாட்டினாயா?

அருண்: இல்லை. இருங்கள்.

அருண்: நின்றுவிட்டது! அத்தை, கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் சீறுகிறது, ஆனால் வார்த்தை தெளிவாக இருக்கிறது.

லதா அத்தை: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நான் வரும்வரை மற்றவற்றைப் போடாதே.

சித்தப்பா: அதற்குள் தட்டுகளைத் துடைத்து வை அருண். ஊசியைத் துடைக்கும்போது பிரஷ் பின்னாலிருந்து முன்னால் மட்டும்தான் போக வேண்டும்.